பெயர், ஊர், விதம்: கொரோனா நினைவுச்சின்னங்களை வாசித்தல்

சில மாதங்களாக நடுகற்கள் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நடுவில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மாடு பிடிச் சண்டையில் செத்தவனின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. நம் கண் முன்னால் 2020லும் 2021லும் போனவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? கொரோனா நினைவுச்சின்னங்கள் என்று உலகில் எழுந்தவற்றில் சிலதை எடுத்து, அவை என்ன செய்கின்றன, என்ன செய்யத் தவறுகின்றன என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு. கடைசியில் நம்ம ஊருக்கு வருகிறேன்.

அளவுகோல் ஒன்று வேண்டுமே. அதை நடுகல்லிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று புலம்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்று ஒரு ஊர். வைகைக் கரை. 2006ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்றில் இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான். இறந்தவன் பெயர் அந்தவன். ஊர் கூடல். நடந்தது ஆகோள், அதாவது ஆநிரை கவர்ந்த பூசல். வீரத்தைப் புகழ்ந்து ஒரு அடைமொழிகூடக் கிடையாது.

டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன் கண்ணுக்கு இது ஒரு ரெக்கார்டு. மூன்றே புலம்: பெயர், ஊர், விதம். யார், எங்கே, எப்படி. இதில் எந்த ஒன்றை நீக்கினாலும் கல் ஊமையாகிவிடும். பெயர் இல்லாவிட்டால் அது வெறும் எண்ணிக்கை. ஊர் இல்லாவிட்டால் யாரும் தேடி வர மாட்டார்கள். விதம் இல்லாவிட்டால் இந்தக் கல்லை ஏன் நட்டார்கள் என்றே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

இந்த மரியாதை மனிதர்களுக்கு மட்டும் என்றும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. திருடர்களோடு சண்டை போட்டு நின்ற கோவிவன் என்கிற நாயின் பெயர் அதில் பொறித்திருக்கிறது. நாய்க்கும் பெயர் உண்டு, என்ன செய்தது என்ற தகவலும் உண்டு.

சரி, இந்த மூன்று புலத்தையும் கையில் வைத்துக்கொண்டு நவீன நினைவுச்சின்னங்களைப் பார்ப்போம்.

செய்தித்தாள் என்கிற கல்

2020 மே 24. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கம். படம் இல்லை, வரைபடம் இல்லை, விளம்பரம் இல்லை. பக்கம் முழுக்கப் பெயர்கள். அமெரிக்காவில் மரண எண்ணிக்கை ஒரு லட்சத்தை நெருங்கிய வாரம் அது. அதில் ஒரு சதவீதம், சுமார் ஆயிரம் பேரின் பெயர், வயது, ஊர், கூடவே ஒவ்வொருவரையும் பற்றி ஒரு சின்ன வரி.

வடிவமாகப் பார்த்தால் இது அபாரமான பக்கம். அந்த ஒரு வரிதான் முக்கியம். அது சாதனைப் பட்டியல் இல்லை. சமையல், பாட்டு, பேரக் குழந்தை, சிரிப்பு என்று போகும். ஒப்பாரியில் நம் பெண்கள் செய்வதும் இதைத்தான். செத்தவரின் பதவியைவிட அவர் கையால் செய்த வேலை, வாங்கிக் கொடுத்த பொருள், நடந்த தெரு என்று சொல்லித்தான் அழுவார்கள்.

ஆனால் அந்த ஆயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? அமெரிக்கா முழுக்க உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்த இரங்கல் குறிப்புகளிலிருந்து திரட்டினார்கள். அந்த ஊரில் இரங்கல் குறிப்பு என்பது பெரும்பாலும் குடும்பம் காசு கொடுத்துப் போடுவது. காசு இல்லாத, எழுத ஆள் இல்லாத வீட்டின் சாவு அந்த வலையில் விழாது. ஆக அந்தப் பக்கம் துக்கத்தின் மாதிரி எடுப்பு இல்லை. ஏற்கெனவே அச்சில் ஏறிய துக்கத்தின் மாதிரி எடுப்பு. இன்னொன்று. முதலில் அச்சான பிரதியில் கொலையில் இறந்த ஒருவரின் பெயரும் சேர்ந்துவிட்டது. பிந்தைய பதிப்பில் நீக்கினார்கள். 'விதம்' என்கிற புலத்தைச் சரிபார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

இத்தாலியின் பெர்கமோ நகரத்தில் லெக்கோ தி பெர்கமோ பத்திரிகை யாரும் திட்டமிடாமலே நினைவுச்சின்னமாக ஆகிவிட்டது. சாதாரண நாளில் ஒன்று, ஒன்றரைப் பக்கம் வரும் மரண அறிவிப்பு, 2020 மார்ச் நடுவில் பத்துப் பக்கம் ஆனது. வடிவம் மாறவில்லை, அதே கட்டம், அதே சின்னப் புகைப்படம். கனம் மட்டும் கூடியது. என்னைக் கேட்டால் நியூயார்க் டைம்ஸ் பக்கத்தைவிட இது நேர்மையானது. அங்கே ஒரு ஆசிரியர் குழு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. இங்கே ஊரே தன் வழக்கப்படி எழுதிக் கொடுத்தது.

வெள்ளைக் கொடிகள்

2021 செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 3 வரை வாஷிங்டன் நகரின் நேஷனல் மாலில் சுசேன் பிரென்னன் ஃபர்ஸ்டன்பெர்க் என்ற கலைஞர் ஒரு மரணத்துக்கு ஒரு கொடி வீதம் வெள்ளைக் கொடி நட்டார். ஆறரை லட்சத்துக்கும் மேல் தொடங்கி, முடியும்போது ஏழு லட்சத்தைத் தாண்டியது. காட்சி நடந்த அந்த இரண்டு வாரத்திலேயே கொடி கூடிக்கொண்டே போனது என்பதுதான் அதன் கொடுமை.

இது எண்ணிக்கையைக் கண்ணால் பார்க்க வைக்கும் கலை. ஏழு லட்சம் என்று எழுதினால் நம் மூளை அதை ஒரு சொல்லாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடும். நடந்து கடக்க வேண்டிய பரப்பாக ஆக்கினால் கால் வலிக்கும். அந்த வகையில் வெற்றி. குடும்பத்தினர் கொடியில் பெயரும் செய்தியும் எழுதலாம் என்றும் வைத்தார்கள். ஆனாலும் எழுதாத கொடிகள்தான் அதிகம். பெயர் என்பது இங்கே விருப்பப் புலம். எண்தான் கட்டாயப் புலம். பதினேழு நாளில் பிடுங்கியும் ஆயிற்று.

அதே மாலில் 1987 அக்டோபரில் எய்ட்ஸ் நினைவுப் போர்வையை முதன்முதலாக விரித்தார்கள். 1,920 துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி. ஒரு ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. அங்கே பெயர்தான் கட்டாயம். ஏனென்றால் அந்த நோயில் இறந்தவர்களின் பெயரை மறைக்கத்தான் ஊரும் பல குடும்பங்களும் முயன்றன. பெயரை உரக்கச் சொல்வதே அந்தப் போர்வையின் அரசியல். கொடிகள் கண்ணைக் கவர்ந்தன. போர்வை வாயைத் திறக்க வைத்தது. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

லண்டன் சுவர்

என் கணக்கில் இருப்பதிலேயே சிறந்தது லண்டன் சுவர்தான். ஆஃபீஸ் வேலையாகப் போனபோது ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். தேம்ஸ் நதியின் தென்கரையில், செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கு வெளியே, சுமார் அரை கிலோமீட்டர் நீளச் சுவர். 2021 மார்ச் 29 அன்று, யாரிடமும் அனுமதி வாங்காமல், உறவுகளை இழந்தவர்களும் தன்னார்வலர்களும் சிவப்பு இதயங்களை வரைய ஆரம்பித்தார்கள். இறப்புச் சான்றிதழில் கோவிட் என்று எழுதப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்று. முதலில் ஒன்றரை லட்சம். இப்போது இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல்.

இதன் முதல் பலம், இடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே பிரிட்டிஷ் நாடாளுமன்றம். ஜன்னலைத் திறந்தால் அவர்கள் பார்த்தே ஆக வேண்டும். அருங்காட்சியகத்திலோ பூங்காவிலோ வைத்திருந்தால் அது வெறும் அஞ்சலி. இங்கே அது கேள்வி.

இரண்டாவது பலம், ஒழுங்கின்மை. வாஷிங்டன் வியட்நாம் போர் நினைவுச்சுவரில் பெயர்கள் இறந்த தேதி வரிசையில் இருக்கும். லண்டன் சுவரில் வரிசையே கிடையாது. எங்கே வெற்று இதயம் இருக்கிறதோ அங்கே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இன்டெக்ஸ் இல்லாத பட்டியல். தன் ஆளைத் தேடுகிறவர் வழியில் நூறு பேரைப் படித்துத்தான் போக வேண்டும். என்ஜினியர் புத்தி இதைக் குறை என்று சொல்லும். நடந்து பார்த்த பிறகு அதுவே சரி என்று தோன்றியது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பராமரிப்பு. முதலில் பேனா மையால் வரைந்த சிவப்பு வெயிலிலும் மழையிலும் வெளிறிப் போயிற்று. அதனால் தன்னார்வலர்கள் வாரா வாரம் கூடி, நீடித்து நிற்கும் பெயின்டால் மறுபடி வரைகிறார்கள், அழிந்த பெயர்களைத் திரும்ப எழுதுகிறார்கள். கிரானைட்டில் பொறித்திருந்தால் திறப்பு விழா முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். வெளிறுகிற மை அவர்களை மறுபடி மறுபடி அங்கே வரவைக்கிறது. நம்ம திதியும் அப்படித்தானே? வருஷா வருஷம் வரும், செய்யாவிட்டால் உறுத்தும். இத்தாலி இதை நாட்காட்டியிலேயே ஏற்றிவிட்டது. பெர்கமோவிலிருந்து ராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை ஏற்றிப்போன மார்ச் 18, அங்கே தேசிய நினைவு நாள்.

நம்ம ஊர்: போஸ்டரும் சான்றிதழும்

நமக்கு நினைவு வடிவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அளவுக்கு ஜனநாயகமான நினைவுச்சின்னம் உலகில் குறைவு. புகைப்படம், தோற்றம், மறைவு, கீழே 'இப்படிக்கு' போட்டு உறவினர் பட்டியல். பெயர் உண்டு, ஊர் உண்டு. விதம் இருக்காது. எவனாவது போஸ்டரில் நோய் போடுவானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். சாதாரண காலத்தில் அது தேவையும் இல்லை. ஏனென்றால் அந்தப் புலத்தை நிரப்புவது இழவு வீடு.

யோசித்துப் பாருங்கள். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது "எப்படி ஆச்சு?" வீட்டுக்காரம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வார். ராத்திரி நெஞ்சு வலின்னாரு, ஆட்டோ கிடைக்கல, ஆஸ்பத்திரி வாசல்லயே... இப்படி முப்பது, நாற்பது தடவை. வெளியிலிருந்து பார்த்தால் கொடுமை. ஆனால் சொல்லிச் சொல்லித்தான் அந்தச் சாவு ஒரு கதையாக உருப்பெறுகிறது, ஊரும் அதை ஏற்றுக்கொள்கிறது. போஸ்டர் மீதி இரண்டு புலத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கொரோனா உடைத்தது இந்த ஏற்பாட்டைத்தான். வீட்டுக்கு யாரும் வரவில்லை. யாரும் கேட்கவில்லை.

சென்னை நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரலில் இறந்தபோது நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அடக்கம் செய்யவிடாமல் கும்பல் தடுத்தது, ஆம்புலன்ஸ் மீது கல் விழுந்தது, கடைசியில் சக மருத்துவர் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகக் குழியில் மண் தள்ள வேண்டியதாயிற்று. அதன் பிறகு தமிழக அரசு, இப்படித் தடுப்பவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டது. சட்டம் பிணத்துக்கு வழிவிடச் சொல்லும். "எப்படி ஆச்சு?" என்று கேட்க ஆளனுப்பாது.

எங்கள் குடும்பத்தில் சித்தப்பா. திண்டுக்கல் பக்கம், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2021 மே மாதம், ஒரு தனியார் மருத்துவமனையில் போனார். ஆர்டிபிசிஆர் நெகட்டிவ், சிடி ஸ்கேனில் நுரையீரல் பாதிக்கு மேல் போயிருந்தது. உடலைக் கொடுக்கும்போது கொரோனா என்று சொல்லி ஜிப் பையில் சுற்றி, முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாமல் நேராக மயானம். அவர்கள் கொடுத்த தாளிலோ 'மூச்சுச் செயலிழப்பு' என்று மட்டும். அதாவது உடலுக்குக் கொரோனா, தாளுக்கு இல்லை. ஊரடங்கில் அச்சகம் திறக்கவில்லை, அதனால் போஸ்டரும் இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு அவர் போனதே ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது.

சித்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சாதாரண காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போயி தனியா விட்டுட்டு வந்துட்டியேன்னு அவங்க அக்கா கேக்குறாங்க தம்பி. அந்தத் தாள்ல கொரோனான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா என்னை யாராவது அப்படிக் கேப்பாங்களா?"

'விதம்' என்கிற புலம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். காலியிடத்தில் பழி வந்து உட்காரும். அதுவும் பெரும்பாலும் ஒரு பெண் மேல்.

மனு என்கிற நடுகல்

2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் கோவிட் மரணத்துக்கு நிவாரணம் கொடுக்க வேண்டும், சான்றிதழ் முறையை எளிதாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அக்டோபரில் 50,000 ரூபாய் உறுதியானது. பரிசோதனையில் உறுதியான நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்தால், மருத்துவமனைக்கு வெளியே இறந்திருந்தாலும் கோவிட் மரணம்தான். சான்றிதழில் குறை இருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம்.

பிறகு நடந்தது சுவாரசியமானது. குஜராத்தில் அதிகாரபூர்வ மரணம் பத்தாயிரம் சொச்சம். 2022 ஜனவரிக்குள் வந்த நிவாரண மனுக்கள் அதைப் போல எட்டு மடங்குக்கு மேல். கணக்கில் விடுபட்டவர்களை அவர்கள் குடும்பங்களே மனு எழுதிக் கணக்கில் ஏற்றின. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் இந்தியாவில் இரண்டு வருஷத்தில் 47 லட்சம் கூடுதல் மரணம் என்று மதிப்பிட்டது. இந்திய அரசு அந்தக் கணக்கு முறையையே மறுத்தது. மாதிரிக் கணக்கை விடுங்கள், பதிவேட்டையே பார்ப்போம். 2019ல் நாட்டில் பதிவான மரணம் 76 லட்சம் சொச்சம். 2020ல் 81 லட்சம். 2021ல் ஒரு கோடியே இரண்டு லட்சம். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் சேரும், முழுவதும் கொரோனா இல்லை. ஆனால் கொரோனா மரணம் என்று நாடு மொத்தமாக ஒப்புக்கொண்ட எண்ணிக்கை சுமார் ஐந்தே கால் லட்சம்தான். பெயரும் ஊரும் பதிவேட்டில் ஏறிவிட்டன. விதம் ஏறவில்லை.

விதத்தை அரசுகள் தொடத் தயங்குவது தற்செயல் இல்லை. 2020 செப்டம்பரில் எத்தனை சுகாதாரப் பணியாளர்கள் இறந்தார்கள் என்று கேட்டதற்கு மத்திய அரசு தன்னிடம் அந்தத் தரவு இல்லை என்றது. இந்திய மருத்துவச் சங்கம் பதிலுக்குச் செய்தது, இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. அவ்வளவுதான். கோஷம் இல்லை, பெயர்கள் மட்டும். 2021 ஜூலையில், ஆக்சிஜன் இல்லாமல் யாரும் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டு அறிக்கை தரவில்லை என்று மாநிலங்களவையில் பதில் வந்தது. அந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள். மரணம் மறுக்கப்படவில்லை, விதம்தான் காலியாக விடப்பட்டது.

சித்தியின் மனுவை நானும் சித்தப்பா மகனும் சேர்ந்துதான் எழுதினோம். சிடி ரிப்போர்ட், மருந்து பில், மயான ரசீது எல்லாம் இணைத்தோம். 2022 தொடக்கத்தில் மாவட்டக் குழு ஒப்புக்கொண்டது. பணம் வங்கிக்குப் போய்விட்டது. சித்தி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது அந்த ஆணையின் நகலை. "இதுல போட்டிருக்கா தம்பி?" என்று கேட்டு, அந்த வார்த்தை இருக்கிற வரியைக் காட்டச் சொன்னார். அதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறார்.

அரசாங்கத் தாள், தேய்ந்த ரப்பர் ஸ்டாம்ப், இலக்கணப் பிழையுள்ள இரண்டு பத்தி. ஆனால் அதில் மூன்று புலமும் இருக்கிறது. என் அளவுகோலின்படி, வாஷிங்டனின் ஏழு லட்சம் கொடியைவிட அது முழுமையான நினைவுச்சின்னம்.

என்ன வேண்டும்?

1918 இன்ஃப்ளூயன்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். 1911க்கும் 1921க்கும் நடுவில்தான், கணக்கெடுப்பு வரலாற்றிலேயே ஒரே தடவையாக, நாட்டின் மக்கள்தொகை குறைந்தது. அந்தச் சாவுகளுக்கு நம்ம ஊர்களில் ஒரு கல்லையும் நான் இதுவரை பார்த்ததில்லை. இந்திக் கவிஞர் நிராலா தன் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் அதில் இழந்தார், எழுதியும் வைத்தார். அதனால் அந்த ஒரு வீட்டின் கதை நமக்குத் தெரிகிறது. எழுதாத வீடுகள் எண்ணுக்குள் போய்விட்டன.

அதனால் எனக்குப் பெரிய மண்டபத்தில் ஆர்வம் இல்லை. தலைநகரில் ஒரு தூண், அதில் மொத்த எண்ணிக்கை, வருஷத்துக்கு ஒரு மாலை என்றால் அது கொடிகள் செய்ததையே கல்லில் செய்வது. வேண்டியது ஊருக்கு ஒரு பட்டியல். பதிவேட்டில் பெயர் இருக்கிறது. மாவட்டக் குழுக்களின் ஆணைகளில் விதம் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது, குடும்பத்தின் சம்மதத்தோடு, தொழில்நுட்ப ரீதியாக ஒரு வாரத்து வேலை. வருஷத்துக்கு ஒரு கிராம சபையில் அதை வாசித்தால் போதும். பத்தோ இருபதோ பெயர்தான் இருக்கும். ஐந்து நிமிஷம் ஆகும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் யாராவது அந்த இரண்டு வருஷத்தில் போயிருந்தால், ஒரு நோட்டை எடுத்துப் பெயர், ஊர், விதம் மூன்றையும் எழுதுங்கள். விதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள்: என்று காய்ச்சல் வந்தது, எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினீர்கள், கடைசியாகப் போனில் என்ன பேசினார். முக்கியமாக, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவரிடம் உட்கார்ந்து "எப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். அவரிடம் அதை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.